நகர மையத்தில் வாடகைக்குப் போகலாமா? காரும் படுக்கையறையும் சொல்லும் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கேட்டிருப்பவர் மனைவி. அவருக்கு வாரத்தில் 5 நாளும் நகர மையத்தில் அலுவலகம். கணவருக்கு 3 நாள் அலுவலகம், 2 நாள் வீட்டிலிருந்தே வேலை. இப்போது இருப்பது புறநகரில், இரண்டு படுக்கையறை வீடு, ஒரு கார். அவர் அலுவலகம் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். மையத்தில் ஒரு படுக்கையறை வீடுகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் அலுவலகத்திலிருந்து 20 நிமிடம்தான், ஆனால் வாடகை இப்போது கொடுப்பதைப்போல ஒன்றரை மடங்கு. சின்ன வீட்டுக்கு இவ்வளவு கொடுப்பது சரியா என்பதுதான் அவர் கேட்பது.

நான் நகரத் திட்டமிடல் துறையில் வேலை பார்க்கிறேன். 14 வருடமாக மையத்திலேயே வாடகைக்குக் குடியிருக்கிறேன், இப்போது இருப்பது ஐந்தாவது வீடு. என் பதில்: போங்கள். ஆனால் இரண்டு விஷயம் ஒத்துவர வேண்டும். காரை விட்டுவிட உங்களால் முடிய வேண்டும். படுக்கையறை சாலையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் போகச் சொல்லமாட்டேன். ஏன் என்று விளக்குகிறேன்.

மையத்தில் வாடகை ஏன் அதிகம்? 1826-இல் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன் என்ற ஜெர்மன் நிலக்கிழார் இதை வயலை வைத்து விளக்கினார். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தில் விளைந்ததை வண்டியேற்றிக் கொண்டுபோகச் செலவு குறைவு. அப்படி மிச்சமாகும் வண்டிச் செலவுதான் குத்தகையாக நிலக்காரரிடம் போய்ச் சேருகிறது. 1964-இல் வில்லியம் அலோன்சோ என்ற அறிஞர் இதே கணக்கை நகரத்துக்கும் குடியிருப்புக்கும் பொருத்திக் காட்டினார். அதாவது வாடகையும் பயணச் செலவும் தனித்தனிச் செலவுகள் இல்லை. ஒரே செலவு இரண்டு பாக்கெட்டிலிருந்து போகிறது. மையத்தில் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறோம், புறநகரில் பெட்ரோலுக்கும் சாலைக்கும் நம் ஆயுளுக்கும் கொடுக்கிறோம்.

அதனால் வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அரசு குடியிருப்புகளில் இருக்கும் ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக்கூடாது என்று எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த திருத்தம் 1969-இல் சட்டமானது. 1981-இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். அரசு குடியிருப்புக்காக வைத்த உச்சவரம்பு அது. இரண்டு சம்பளம் வரும் ஒரு வீடு எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்வதற்காக வந்ததில்லை. வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டி, அது வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கும் முறையும் அமெரிக்காவில் இருக்கிறது. மையத்தில் வீடு தேடுகிறவருக்கு இதுதான் பொருத்தமான அளவுகோல்.

உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாடகை 22 பங்கு என்றால், கார்த் தவணை, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 18 ஆகலாம். கூட்டினால் 40. மையத்தில் வாடகை ஒன்றரை மடங்கு, அதாவது 33. கார் இல்லாமல் பஸ், ரயில், அவ்வப்போது வாடகை வண்டி என்று 7 வைத்தால் அங்கும் 40-தான். 30 சதவீத விதிப்படி மையத்து வீடு தள்ளுபடி. ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது காரையும் கூடவே கொண்டுபோவதாக வைத்துப் பாருங்கள். எரிபொருள் மட்டும்தான் குறையும். தவணையும் காப்பீடும் கார் நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். அதற்கு மேல் மையத்தில் பார்க்கிங்குக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 33-உடன் 15 சேர்ந்தால் 48. எல்லை தாண்டிவிட்டது. மையத்துக்குக் குடிவந்து ஒரு வருடத்தில் திரும்பிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கதை இதுதான். வாடகை அவர்களை விரட்டவில்லை, விற்காமல் வைத்திருந்த கார்தான் விரட்டியது. வார இறுதியில் தேவைப்படும் என்று தோன்றும். போன மூன்று மாதத்தில் எத்தனை முறை வேறு எந்த வழியிலும் போக முடியாத இடத்துக்குக் காரில் போனீர்கள் என்று உட்கார்ந்து எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால், அந்த நாட்களுக்கு வாடகைக் கார் எடுப்பது மலிவு.

சரி, பணம் சமம் என்றால் இந்த மாற்றத்தில் கிடைப்பது என்ன? நேரம். போக வர 150 நிமிடம் இருந்தது 40 நிமிடம் ஆகிறது, ஒரு நாளைக்கு 110 நிமிடம் மிச்சம். வருடத்துக்கு 230 வேலை நாள் என்றால் 420 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 52 நாள்.

செசாரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதியது ஒன்று இங்கே பொருந்தும். நடந்து போன காலத்திலிருந்து கார்க் காலம் வரை மனிதர்கள் ஒரு நாளில் போக வரச் செலவிடும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்றார். வண்டியின் வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, நகரம்தான் அகலமாகிறது. நீங்கள் இப்போது அதைப்போல இரண்டரை மடங்கு கொடுக்கிறீர்கள். உங்களுக்கு வரும் களைப்பு உங்கள் உடம்பின் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

சூரிக்கில் வேலை பார்த்த அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் வருடக்கணக்காகத் திரட்டிய குடும்பத் தரவுகளை ஆராய்ந்தார்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ பெற்றிருப்பார்கள், அதனால் மொத்தத்தில் மனநிறைவு சமமாக இருக்கும் என்றுதான் பொருளாதாரப் பாடம் சொல்லும். அப்படி இல்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் நிறைவு குறைந்தது. எனக்குப் படும் காரணம் இது: பெரிய வீடு ஆறு மாதத்தில் பழகிவிடும், கூடுதல் அறை கண்ணிலேயே படாது. நெரிசல் மட்டும் பழகுவதே இல்லை. இன்றைக்கு எவ்வளவு நேரமாகும் என்பது தெரியாதே, தினமும் புதிதாகத்தான் படுத்தும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிச்சமாகும் நேரம் தானாக உங்கள் கைக்கு வராது. அலுவலகம் பக்கத்தில் என்று தெரிந்ததும், ஏழரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் போய்விடும், கிளம்புவது தள்ளிக்கொண்டே போகும். மேலாளருக்கும் அது தெரிந்துவிடும். நான் மையத்துக்கு வந்த முதல் வருடம் அப்படித்தான் போனது, வீடு திரும்பிய நேரம் பழைய நேரமேதான். குடிபோகும் முன்பே அந்த 110 நிமிடத்தை எதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள். தூக்கமோ உடற்பயிற்சியோ படிப்போ, எதுவானாலும் சரி. குறிப்பிட்ட நேரத்துக்குப் போயே ஆக வேண்டிய ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது இரவு. இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடு பார்க்கிறவர்கள் பகலில் பார்க்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பது இரவில். மையத்தில் நான் எடுத்த முதல் வீட்டை ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பார்த்தேன். வெளிச்சம், காற்று, பெரிய ஜன்னல், தெருவே அமைதி. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். குடிவந்த முதல் திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கீழே இருந்த கடைக்குச் சரக்கு லாரி வந்தது. பின்னால் நகரும்போது அடிக்கும் பீப் சத்தம், இரும்புத் தள்ளுவண்டி, கதவுகள். ஞாயிறு தவிர தினமும். கூடவே கடையின் குளிர்பதன இயந்திரத்தின் உறுமல் இரவு முழுக்கத் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தப்படி 11 மாதம் இருந்தாக வேண்டும். அந்தப் பதினொரு மாதத்தில் நான் இழந்த தூக்கத்துக்கு எந்தப் பயண நேர மிச்சமும் ஈடாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய வட்டாரத்துக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அது வீட்டுக்கு வெளியே, சுவரோரம் அளக்கும் சராசரி. போக்குவரத்து ஓயாத சாலையைப் பார்த்த சுவரில் இது சுலபமாகத் தாண்டிவிடும். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை: 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். ஆகவே 45-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் நாலு மடங்கு.

மாடி ஏறினால் சத்தம் குறையும் என்று தரகர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். ஒற்றை வண்டியின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். வண்டிகள் வரிசையாக ஓடும் சாலை ஒரு நீளமான கோடு மாதிரி, அதன் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபல்தான் குறையும். மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவதுக்குப் போனால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் தூரத்துச் சாலைகளின் ஒலியும் மேலே நன்றாகவே வரும். அதே கட்டடத்தில் பின்பக்க அறைக்குப் போங்கள், நடுவில் ஒரு முழுக் கட்டடமே சுவராக நிற்கிறது. 10 டெசிபலுக்கு மேலும் குறையும். ஆறாவது மாடி முன்பக்கத்தைவிட இரண்டாவது மாடி பின்பக்கம் தூங்குவதற்கு நல்ல அறை. வாடகையும் பெரும்பாலும் அங்கே குறைவு, ஏனென்றால் எல்லோரும் பார்வைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று கேளுங்கள். கண்ணாடி எவ்வளவு தடிமன் என்பதைவிடச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பது முக்கியம். விரல் நுழையாத கீற்று போதும், நல்ல கண்ணாடி செய்யும் வேலையையே அது கெடுத்துவிடும். ஆனால் இசைக்கூடத்தின் தாழ்ந்த அதிர்வு, லிஃப்ட் மோட்டார், தண்ணீர் பம்ப் இவையெல்லாம் ஜன்னல் வழியாக வருவதில்லை, சுவர் வழியாகவே வரும். அதற்கு வாடகைக்கு இருப்பவர் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டுச் சுவரை ஒட்டிய படுக்கையறையையும், மதுக்கூடத்துக்கு மேலே இருக்கும் வீட்டையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். சிக்னல், பஸ் நிறுத்தம், வேகத்தடை, ஏற்றம் இவற்றுக்கு நேர் எதிரே இருக்கும் ஜன்னலும் அப்படித்தான். வண்டி ஓடும் சத்தம் காதுக்குப் பழகும், நின்று கிளம்பும் சத்தம் பழகாது.

வீட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். காலி மனையோ பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடமோ இருந்தால், விலையேறிய மையத்தில் அது நெடுநாள் அப்படியே இருக்காது. கட்டத் தொடங்கினால் ஒன்றரை இரண்டு வருடம் தூசியும் துளையிடும் சத்தமும்தான். உள்ளாட்சி அலுவலகத்தில் அந்த மனைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று விசாரிக்கப் பல ஊர்களில் வழி உண்டு. அரைநாள் வேலை, தயங்காமல் போய் வாருங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்தின் நடுப்பகுதி சுற்றியுள்ள ஊர்ப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லூக் ஹோவர்ட் லண்டனில் வெப்பமானியை வைத்து அளந்து எழுதினார். அவர் கண்டது இரவில்தான் வித்தியாசம் அதிகம் என்பது. பகலில் கல்லும் சிமென்டும் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. அதனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டையும் மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறையையும் சாயங்காலம் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். காற்றைப் பொறுத்தவரை, வண்டிப் புகை பெருஞ்சாலைக்கு ஒட்டித்தான் மிக அடர்த்தி, 150, 200 மீட்டர் தள்ளிப் போனாலே நன்றாகக் குறைந்துவிடும். இங்கும் அதே விடைதான்: உள்தெரு, பின்பக்கம்.

இடம் சின்னதாவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சதுர அடியைவிடக் கதவுகளை எண்ணுங்கள். உங்கள் கணவர் வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றால், அவர் பேசும்போது சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். எல்லாம் ஒரே கூடமாகத் திறந்து கிடக்கும் 600 சதுர அடியைவிட, தனி அறையும் கதவும் உள்ள 500 சதுர அடி மேல். அப்புறம் சாமான் வைக்க இடம். பெட்டி, போர்வை, பழைய கோப்புகள் இவற்றுக்குச் சுவர் அலமாரி இல்லையென்றால் அவையெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும், ஆறே மாதத்தில் வீடு கிடங்காகும். குடிபோகும் முன்பே மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

மையம் என்று சொன்னாலும் எல்லா மையமும் ஒன்றில்லை. அலுவலகங்கள் மட்டுமே நிறைந்த பகுதி இரவு எட்டுக்கு மேல் வெறிச்சோடும், ஞாயிறன்று பால் வாங்கக்கூடத் தூரம் போக வேண்டும். நாலு தெரு தள்ளி, வீடுகளும் பள்ளியும் சின்னக் கடைகளும் கலந்த பகுதி இருக்கும். கேட்டால் முதலாவதுதான் பெருமையான முகவரி. குடியிருக்கச் சுகம் இரண்டாவதில். இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நீங்களே தனியாக நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, திறந்த கடை உண்டா, ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறதா? கூட ஒருவர் வந்தால் அந்தத் தெருவின் உண்மை உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் மையத்துக்கு ஆதரவான மிக வலுவான காரணம். மையம் உங்கள் இன்றைய அலுவலகத்துக்குப் பக்கம், அதைவிட முக்கியமாக அடுத்த அலுவலகத்துக்கும் பக்கம். பஸ், ரயில் தடங்கள் பெரும்பாலும் நடுவில்தான் வந்து சேருகின்றன. நாளைக்கு உங்களில் ஒருவருக்கு வடக்கில் வேலை கிடைத்தாலும் தெற்கில் கிடைத்தாலும் ஒரே வண்டியில் போகலாம், அதுவும் காலையில் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே போவீர்கள், உட்கார இடம் கிடைக்கும். புறநகரின் ஒரு மூலையில் இருந்துகொண்டு எதிர்மூலையில் வேலை கிடைத்தால் வேலையையோ வீட்டையோ விட வேண்டியிருக்கும். வேலை ஒன்றே இருக்கும் வீட்டில் அந்த வேலைக்குப் பக்கத்தில் போய்விடலாம். இரண்டு வேலை இருக்கும் வீட்டுக்கு இருவருக்கும் ஒத்துவரும் இடம் பெரும்பாலும் நடுவில்தான் அமையும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் நிதானமாகப் படியுங்கள். எத்தனை மாதம் கழித்துக் காலி செய்யலாம், அதற்கு எவ்வளவு நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது ஒன்று. முதல் சில மாதங்களிலேயே அபராதமின்றி வெளியேறும் உரிமைக்காக, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று நான் பேரம் பேசுவேன். அடுத்தது, வாடகை எப்போது, எந்தக் கணக்கில் ஏறும் என்பது எழுத்தில் இருக்கிறதா? மூன்றாவது, பராமரிப்புக் கட்டணம் யார் தலையில்? லிஃப்ட், காவல், பொது விளக்கு எல்லாம் உள்ள அபார்ட்மென்டில் இது வாடகையோடு சேர்ந்து வலிக்கும். நான் மேலே போட்ட 33-க்குள் இதுவும் அடங்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே மின்மீட்டர், சுவர், குழாய், தரை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைத்தால், முன்பணம் திரும்பும்போது வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

இனி நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வீடுகள். ஒன்று பிரதான சாலையைப் பார்த்த ஐந்தாம் மாடி, பெரிய பால்கனி, கூடமும் சமையலறையும் சேர்ந்தே திறந்தது. இன்னொன்று அதே வாடகையில், உள்தெருவில் இரண்டாம் மாடி, படுக்கையறை பின்பக்க முற்றத்தைப் பார்க்கிறது, வெளிச்சம் கொஞ்சம் குறைவு. மனசு முதல் வீட்டில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டாவதை எடுப்பேன். கையெழுத்துப் போடுமுன் அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு முறை போங்கள்: வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒன்று, வேலை நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒன்று. உள்ளே விடமாட்டார்கள் என்றாலும் முற்றத்தின் பக்கம் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அந்த இரண்டு வேளையும் அமைதியாக இருந்தால், அந்த வாரமே காரை விற்பனைக்குப் போடுங்கள்.